ஒபெலிஸ்க் பார்க்கப் போகிறீர்களா? எதை, எங்கே கவனிக்கலாம்

ஒபெலிஸ்க் என்பது பழைய எகிப்தில் தோன்றிய, நாலு பக்கமும் மேலே போகப் போகக் குறுகிக் கூர்முனையில் முடியும் உயரமான தூண். அந்த வடிவில் கட்டிய, அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணில் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும் முன், வெளியே தள்ளி நின்று பாருங்கள். சுமார் 150 அடி உயரத்தில் சலவைக்கல்லின் நிறம் மாறும். 1848-இல் தொடங்கிய வேலை, பணத் தட்டுப்பாட்டாலும் கட்சிச் சண்டையாலும் 1854-இல் நின்றது. 1879-இல் மறுபடி தொடங்கியபோது கல் வேறு குவாரிகளிலிருந்து வந்தது. பொறுப்பேற்ற ராணுவப் பொறியாளர் தாமஸ் கேஸி முதலில் கை வைத்தது அஸ்திவாரத்தில். மேலும் 400 அடி பாரத்தை அது தாங்காது. அதனால் தூண் நின்றபடியே இருக்க, அடியில் தோண்டி கான்கிரீட் போட்டார்.

555 அடி என்பதும் குத்துமதிப்பாக வந்ததல்ல. தூணை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ராபர்ட் மில்ஸின் மூல வரைபடத்தில் 600 அடித் தூணும் அதன் காலடியில் வட்டமான தூண் மண்டபமும் இருந்தன. இத்தாலியில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், பழைய ஒபெலிஸ்க்குகளை ஆராய்ந்து, உயரம் அடியகலத்தைப் போல் பத்து மடங்கு இருக்க வேண்டும் என்று எழுதினார். அடியகலம் 55 அடி சொச்சம். உயரம் முடிவாகிவிட்டது, மண்டபமும் போயிற்று. போனதே நல்லது.

*

விகிதம்தான் எகிப்தியது, கட்டிய விதம் அல்ல. வாஷிங்டனில் 36,000-க்கும் மேற்பட்ட கற்கள். எகிப்தில் ஒரே கல். கோயில் வாசலில் ஜோடியாக நிறுத்தி, சூரியக் கடவுளுக்கு அர்ப்பணித்தார்கள். வெயில் பட்டு மின்ன, உச்சிக்குப் பொன்னும் வெள்ளியும் கலந்த தகடு.

ஒரே கல் என்பதன் ஆபத்தை எகிப்தின் அஸ்வான் குவாரியில் பார்க்கலாம். சுமார் 42 மீட்டர், 1,000 டன்னுக்கு மேல் தேறும் கல், அடிப்பக்கம் பாறையோடு ஒட்டியபடியே கிடக்கிறது. டோலரைட் என்ற கடினமான கல்லின் உருண்டைகளால் கிரானைட்டை இடித்து இடித்தே சுற்றிலும் பள்ளம் எடுத்திருக்கிறார்கள்; இடித்த குழிவுகள் வரிசையாகத் தெரியும். விரிசல் கண்டதும் அப்படியே கைவிட்டார்கள்.

*

தேசச் சின்னம் என்ற அர்த்தத்தைப் பிற்காலத்தார்தான் ஏற்றினார்கள். ஒபெலிஸ்க்குகளை ரோமுக்கு எடுத்துப்போன ரோமானியர்களுக்கு அவை எகிப்தை வென்றதன் அடையாளம். இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினி 1937-இல் எத்தியோப்பியாவின் அக்ஸும் நகரிலிருந்து 24 மீட்டர்த் தூணைக் கொண்டுபோனதும் அதே புத்திதான். அது 2005-இல் மூன்று துண்டாக எத்தியோப்பியாவுக்குத் திரும்பி, 2008-இல் மறுபடி நின்றது. ஊடகங்கள் ஒபெலிஸ்க் என்றாலும் உச்சி கூர்மையல்ல, வளைவு. அடியில் செதுக்கிய பொய்வாசலைப் பாருங்கள். அது கல்லறைக்கான நடுகல்.

*

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரெஸில் உள்ள ஒபெலிஸ்க் விட்டுப்போயிற்றே. நகரம் முதன்முதலில் நிறுவப்பட்ட 400-ஆம் ஆண்டுக்காக 1936-இல் எழுப்பியது, 67.5 மீட்டர், கான்கிரீட், உள்ளே வெற்றிடம். மேலே ஒட்டிய கல் பலகைகள் சில ஆண்டுகளிலேயே உதிர்ந்து விழ, மிச்சத்தையும் கழற்றிவிட்டுப் பூச்சு பூசினார்கள். இன்று தெரிவது அந்தப் பூச்சுதான்.