புதுப்பிப்பு: பெங்களூருவில் பயிற்சி, மும்பையில் மாரத்தான் – தண்ணீர்க் கணக்கு

ஜனவரி மும்பை மாரத்தானுக்கு இங்கிருந்து தயாராவது பற்றிய என் இழையில், மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது, அளந்துதான் பார்க்கணும்.

கப்பன் பார்க்கில் போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்து, குறைந்த உடையில் எடை பாருங்கள். எடை எவ்வளவு குறைந்ததோ, அதோடு நடுவில் குடித்ததைக் கூட்டுங்கள். 62 கிலோ 61.3 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1 லிட்டர். நனைந்த பனியனோடு ஏறி நின்றால் கணக்கு தப்பும்.

பெங்களூருவின் 900 மீட்டர் உயரக் குளிரில் கிடைத்த எண் இது. மும்பையின் கடலோர ஈரப்பதத்தில் கூடும். அதனால் கடைசி இரண்டு வாரம் சில எளிய ஓட்டங்களை வெயில் ஏறிய பிறகு வையுங்கள், உடல் பழகும்.

இதைவிட முக்கியம்: வியர்த்ததற்கு மேல் குடிக்கவே வேண்டாம். ரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும். உப்பு மாத்திரை போட்டாலும் அதிகத் தண்ணீர் ஆபத்துதான். மெதுவாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கே இது அதிகம். ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தால் அதுதான் எச்சரிக்கை.

மும்பை ஓட்டப் பாதையில் வரும் பெடர் ரோடு ஏற்றத்தில் வாட்ச்சைப் பார்க்காமல் மூச்சை வைத்து ஓடுங்கள்.