ரத்தத்தில் கேண்டிடா பிசிஆர்: கல்ச்சர் பாசிட்டிவ், பிசிஆர் நெகட்டிவ். எங்கே கோட்டை விடுகிறோம்?

லேப்மலர்:
ஐசியு நோயாளிகளின் ரத்தத்தில் நேரடியாகக் கேண்டிடா (ஈஸ்ட் வகைப் பூஞ்சை) பிசிஆர் போடுகிறோம், அதாவது அதன் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடுகிறோம். 200 மைக்ரோலிட்டர் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுப்பது) ரத்தம், டிஎன்ஏவைப் பிடித்து வடிக்கும் சாதாரண காலம் (column) கிட், 100 மைக்ரோலிட்டர் எல்யூஷன் (கடைசியில் டிஎன்ஏ வடியும் திரவம்), அதில் 5 எடுத்து ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4 என்ற பூஞ்சைப் பொது பிரைமர். சுத்தமான டிஎன்ஏ போட்டால் பேண்ட் பளிச்சென்று வருகிறது. கல்ச்சரில் ஈஸ்ட் வளர்ந்தவர்களின் ரத்தமோ பெரும்பாலும் நெகட்டிவ். பிரைமரை மாற்றவா, சைக்கிளைக் கூட்டவா?

ஈஸ்ட்வாசி:
பிரைமர் மேல் பழி போடாதீர்கள். கேண்டிடீமியாவில் (ரத்தத்தில் கேண்டிடா தொற்று) மில்லிக்கு ஒரு செல், சில சமயம் அதற்கும் குறைவு. ஒன்று என்றே வைத்தாலும் 200 மைக்ரோலிட்டரில் சராசரி 0.2 செல். பாய்சான் நிகழ்தகவுக் கணக்குப்படி நூறு டியூபில் 82-ல் ஈஸ்டே இருக்காது. 3 மில்லி எடுத்தால் அந்த 82 ஐந்தாக இறங்கும். சைக்கிளைக் கூட்டினால் காற்றில் வந்த பூஞ்சைதான் தெரியும்.

அடுத்தது செல் சுவர். கிட்டின் பஃபர் வெள்ளையணுவை உடைக்கும். குளுக்கானும் கைட்டினும் சேர்ந்த சுவரிடம் தோற்றுவிடும். நான் சொல்லும் வரிசை இது. 3 முதல் 5 மில்லி ஈடிடிஏ ரத்தம் (ஹெப்பாரின் வேண்டாம், டிஎன்ஏவைப் பெருக்கும் பாலிமரேஸ் என்சைமைத் தடுக்கும்). அம்மோனியம் குளோரைடு பஃபரில் சிவப்பணுவைக் கரைத்து, 3000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, வண்டல் வெளிறும் வரை கழுவுங்கள். பிறகு டிடிடி (சுவரைத் தளர்த்தும் வேதிப்பொருள்) சேர்த்த பஃபரில், ஈஸ்ட் சுவரைக் கரைக்கும் லிட்டிகேஸ் என்சைம், 37 டிகிரியில் 45 நிமிடம். அதன்பின் 0.5 மி.மீ. கண்ணாடி மணிகளோடு 30 விநாடி வீதம் மூன்று குலுக்கல், நடுவில் ஐஸ். புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் அது லிட்டிகேஸையே தின்றுவிடும். இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. எல்யூஷனை 50-க்குக் குறைத்து, அதில் 10 மைக்ரோலிட்டரை பிசிஆரில் டெம்ப்ளேட்டாகப் போடுங்கள்.

ஒரு சிக்கல்: 5 மில்லி ரத்தத்தில் சுமார் 3.5 கோடி வெள்ளையணு. மனித டிஎன்ஏ மட்டும் 200 மைக்ரோகிராமுக்கு மேல். காலம் திணறிவிடும். எனவே லிட்டிகேஸுக்கு முன்பே மென்மையான டிடர்ஜென்டில் வெள்ளையணுவைக் கரைத்து, வெளிவந்த டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் என்சைம் போட வேண்டும்.

ஜெல்பார்வை:
மேலே சொன்னது சரி. ஆனால் கன்ட்ரோல் தவறாக இருந்தால் எதைத் திருத்தினாலும் தெரியாது. சுத்தமான டிஎன்ஏ பிசிஆரை மட்டும்தான் சோதிக்கும். ஆரோக்கியமானவரின் ஈடிடிஏ ரத்தத்தில் மில்லிக்கு 10, 100 என முழு ஈஸ்ட் செல்லைக் கலந்து முதல் படியிலிருந்தே ஓட்டுங்கள். அதே ஈஸ்ட் கரைசலைக் கல்ச்சர் தட்டிலும் பரப்பி எண்ணிக்கொள்ளுங்கள். ஈஸ்ட் கலக்காத ரத்தம் ஒன்றும் கூடவே போக வேண்டும். லிட்டிகேஸ், அதே வேலை செய்யும் சைமோலியேஸ் பாட்டில்களில் பூஞ்சை டிஎன்ஏ கலந்து வருவது உண்டு. புது லாட் வரும்போதெல்லாம் பாருங்கள்.

பிசிஆரில் வந்த துண்டை எம்எஸ்பி-1 என்சைமால் வெட்டி, துண்டுகளின் நீளத்தை வைத்துக் கேண்டிடா இனம் பிரிப்பதாக இருந்தால் ஒரு பொறி. அல்பிகன்ஸின் 535 பேஸ் துண்டு 297, 238 என்று பிரியும். பாராசைலோசிஸின் 520 வெட்டுப்படாது. என்சைம் செத்திருந்தால் அல்பிகன்ஸும் பாராசைலோசிஸ் போலவே நிற்கும்! ஒவ்வொரு ஓட்டத்திலும் அல்பிகன்ஸ் கன்ட்ரோலை வெட்டிக் காட்டாமல் ரிப்போர்ட் எழுதாதீர்கள். குரூசியின் 261-ம் 249-ம் ஒட்டி ஒரே பேண்டாகத் தெரியும். கிளாப்ராட்டா 871 என்பதால் வெட்டும் முன்பே அடையாளம் தெரிந்துவிடும்.

பாசிட்டிவ் ஆன கல்ச்சர் பாட்டிலிலிருந்து எடுப்பதானால் அதிலுள்ள எஸ்பிஎஸ் என்ற உறைதல் தடுப்பான் பிசிஆரைத் தடுக்கும். பத்து மடங்கு நீர்த்தாலே பல நேரம் சரியாகிவிடும், அங்கே செல்லுக்குப் பஞ்சமில்லை.

வார்டுரவுண்ட்ஸ்:
ரிப்போர்ட்டைப் படிப்பவர் பக்கத்திலிருந்து. 2014-ல் அமெரிக்க அனுமதி பெற்ற டி2கேண்டிடா (ரத்தத்தில் நேரடியாகக் கேண்டிடாவைத் தேடும் டெஸ்ட்), முதல் பெரிய ஆய்வில் 91.1% உணர்திறனும் (நோய் உள்ளவரைப் பிடிப்பது) 99.4% குறிப்புத்தன்மையும் (இல்லாதவரை நெகட்டிவ் எனச் சொல்வது) காட்டியது. கேட்க அமோகம். நோய் 2% பேருக்கு இருக்கும் வார்டில் அதன் பாசிட்டிவ் நான்கில் மூன்றுதான் உண்மை, 0.5% வார்டில் பாதிகூட இல்லை. ஆகவே யாருக்கு டெஸ்ட் அனுப்புகிறோம் என்பதே முக்கியம். அது அல்பிகன்ஸையும் டிராப்பிகாலிஸையும் ஒரே சிக்னலாகத்தான் தரும். இந்தியாவில் 27 ஐசியுக்களின் ஆய்வில் டிராப்பிகாலிஸ் 41.6% என்றிருக்க, நமக்கு அது குறைதான். அந்தப் பேனலின் ஐந்து இனங்களில் கேண்டிடா ஆரிஸும் கிடையாது.

ஆய்வுகளுக்காகப் பூஞ்சைத் தொற்றை வரையறுக்கும், 2020-ல் திருத்திய ஈஓஆர்டிசி வரையறையில் டி2 இருக்கிறது, லேபில் தயாரித்த கேண்டிடா பிசிஆர் இல்லை. ரத்தக் கல்ச்சரை விட்டுவிடாதீர்கள். எந்த மருந்துக்கு ஈஸ்ட் கட்டுப்படும் என்ற சென்சிடிவிட்டி அங்கிருந்துதான் வரும்.

லேப்மலர்:
நன்றி. ஒரு சந்தேகம்: டிஎன்ஏஸ் போட்டால் பிளாஸ்மாவில் மிதக்கும் கேண்டிடா டிஎன்ஏவும் போய்விடாதா?

ஈஸ்ட்வாசி:
போகும். அதனால் சிவப்பணுவைக் கரைக்கும் முன்பே சுற்றி, 1 மில்லி பிளாஸ்மாவைத் தனியே எடுத்து, லிட்டிகேஸ் இல்லாமல் எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். ரத்தத்தில் ஈஸ்டே இல்லாத, வயிற்றுக்குள் புதைந்த தொற்றில் கைகொடுப்பது இதுதான். இன்னொன்று, ஈடிடிஏ மிச்சமிருந்தால் டிஎன்ஏஸ் வேலை செய்யாது. அதற்கு மெக்னீசியம் வேண்டும். வண்டலை நன்றாகக் கழுவி, மெக்னீசியம் குளோரைடு சேர்த்துப் போடுங்கள். முடிந்ததும் ஈடிடிஏ ஊற்றிச் சூடாக்கி நிறுத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த படியில் ஈஸ்டின் டிஎன்ஏவையே அது வெட்டும்.