கணக்கருக்குப் பதினெட்டாயிரமா?

மஞ்சப்பை: "தொண்டு அமைப்புக்கு முதல்ல ஒரு முழுநேரக் கணக்கர் வேணும்"னு நேத்து ஒரு மேதாவி பதிவு போட்டிருக்கார். சம்பளம் பதினெட்டாயிரமாம். இருபது வருஷமா கணக்கரே இல்லாம மாலை வகுப்பு நடத்துறோம். அந்தப் பதினெட்டாயிரத்துல எத்தனை பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம்?

பேரேடு: அந்த மேதாவி நான்தான். பேரைச் சொல்லியே திட்டுங்க. நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறையோட 10பிடி படிவத்துல மே 31க்குள்ள ஏத்தணும்னு 2022-ல வந்துச்சு. தாமதமானா ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபா கட்டணம். அதை உங்க நோட்டுக் கணக்குல எங்க எழுதுவீங்க?

உப்புக்காத்து: பதினெட்டாயிரம் எந்த ஊர்ல சார்? எங்க பக்கம் பன்னெண்டுக்கே பி.காம் படிச்ச பசங்க வர்றாங்க.

நடுவாசல்: எதை நிர்வாகச் செலவுன்னு சொல்றோம்னு முதல்ல பேசிக்கலாமே. வெளிநாட்டு நிதின்னா எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தோட விதியில ஆபீஸ் வாடகை, கரண்ட் பில், கணக்கு எழுதுற செலவு எல்லாம் அதுல வரும். பள்ளிக்கூட டீச்சர், ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் வராது. வந்த நிதியில இந்தச் செலவுக்கு உச்சவரம்பு முன்னாடி 50 சதவீதம், 2020 திருத்தத்துல 20 ஆக்கிட்டாங்க.

உப்புக்காத்து: அதெல்லாம் இருக்கட்டும். பதினெட்டு எப்படி வந்துச்சு?

பேரேடு: சொல்றேன். போன வருஷம் ஒரு அமைப்புக்கு உதவப் போனேன், பேர் வேண்டாம். ரசீதுப் புத்தகம் மூணு. ஒண்ணு தலைவர் வீட்டுல, ஒண்ணு பள்ளிக்கூட பீரோவுல, மூணாவது எங்கன்னு யாருக்கும் தெரியல. அடிக்கட்டையில நன்கொடையாளர் பேரு 'டீக்கடை அண்ணன்'. பான் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல செல் நம்பர். மே 31 ராத்திரி பதினோரு மணிக்கு அவரை எழுப்பி பான் கார்டைத் தேடச் சொன்னோம். மனுஷன் குடுத்தது 5,000, அதுவும் ரொக்கமா. ரொக்கம் 2,000க்கு மேல போனா 80ஜி வரிச் சலுகை கிடையாதுன்னு அவர்கிட்ட யாருமே சொல்லலை. இந்த ஒரு ராத்திரிக்கே பதினெட்டாயிரம் தகும்.

மஞ்சப்பை: எங்களைத்தான் குத்துறீங்கன்னு புரியுது. எங்ககிட்ட ரசீதுப் புத்தகம் ரெண்டுதான்.

பேரேடு: நான் யாரையும் சொல்லலையே!

மஞ்சப்பை: ரெண்டுதான். சுனாமியப்ப நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டையில நாங்க பிணம் தூக்கினோம். எந்தக் கணக்கர் வந்தார்?

பேரேடு: நாகப்பட்டினத்துக்கு நானும் வந்தேன். லாரி லாரியா வந்த பழைய துணி ரோட்டோரம் மலை மாதிரி கிடந்து நனைஞ்சுதே, பார்த்தீங்களா? எந்தக் குப்பத்துக்கு என்ன வேணும்னு எழுதி வைக்க ஆள் இல்லாததாலதான் அந்தக் கதி. பிணம் தூக்கினவங்களைக் கும்பிடுறேன். அதுக்காக நோட்டு எழுதினவனை மட்டமாப் பேசாதீங்க.

நடுவாசல்: அந்த 20 சதவீதம்...

மஞ்சப்பை: தம்பி, சும்மா இருப்பா. துணியைப் பத்தி இவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்! ஏசி ரூம்ல மீட்டிங் போட்டு முந்திரி பிஸ்கட் தின்ன கூட்டம்.

பேரேடு: டீயும் முறுக்கும்தான் அண்ணே. பில் இருக்கு, காட்டவா? எங்ககிட்ட முறுக்குக்கும் பில் இருக்கும். அதான் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம்.

மஞ்சப்பை: முறுக்குக்குப் பில் வெச்சிருக்கிறவங்ககிட்ட எந்த ஏழையும் வர மாட்டான்.

பேரேடு: வர்றாங்க. போன தடவை எத்தனை பேர் வந்தாங்கன்னும் எழுதி வெச்சிருக்கேன். உங்க வகுப்புல இப்ப எத்தனை பிள்ளைங்க?

மஞ்சப்பை: நிறைய.

பேரேடு: நிறையன்னா?

உப்புக்காத்து: சண்டையை விடுங்கப்பா. பன்னெண்டாயிரத்துக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, என் மச்சினன் சும்மாதான் இருக்கான். டேலின்னு கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் தெரியும்.

பேரேடு: அதானே பார்த்தேன்!

மஞ்சப்பை: டேலியும் வேண்டாம், மச்சினனும் வேண்டாம். புத்தகம் ரெண்டுதான்னு மறுபடியும் சொல்றேன்.