"தட்டை அண்டம்" வேண்டாம், "வளைவிலி அண்டம்" என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

அண்டவியலுக்கான தமிழ்க் கலைச்சொற்கள் பற்றிய நம் உரையாடலில், அண்டவெளியின் வளைவு பூச்சியம் என்பதைக் குறிக்கத் "தட்டை அண்டம்" (flat universe) போதும் என்று வந்த முன்மொழிவை நான் ஏற்கவில்லை. ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு மட்டுமே தெரிகிற வகுப்பறையில் "தட்டை" என்றதும் பிள்ளைகள் மைதானத்தை நினைக்கிறார்கள். "அப்படியென்றால் ஓரம் எங்கே, சேர்?" என்ற கேள்வி உடனே வருகிறது. அவர்கள் மீது பிழையில்லை, சொல்தான் அங்கே இழுத்துச் செல்கிறது.

பெருவெடிப்பின் எஞ்சிய ஒளியான நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுகளை விண்மீன்பேரடைப் பரவல் அளவீடுகளோடு சேர்த்தால் வளைவுக்குரிய பெறுமானம் 0.001, வழு 0.002. பூச்சியத்திலிருந்து பிரித்தறிய இயலாத அளவு அது. மாபெரும் முக்கோணத்திலும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைதான் என்பதே இதன் பொருள். மெல்லிய தகடு என்றோ விளிம்பு உண்டு என்றோ அது சொல்லவில்லை. "முடிவிலி" நம்மிடம் ஊறிப்போன சொல். அதே வார்ப்பில் "வளைவிலி" வரட்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. "அண்டத்தின் வடிவம்" என்று எழுதி வளைவையும் டொப்பொலஜியையும், அதாவது வெளியின் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தையும், ஒன்றாகக் குழப்புகிறோம். தாளில் ஒரு முக்கோணம் வரைந்து, தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டுங்கள். கோணங்கள் மாறுவதில்லை. ஆனால் குறுக்கே நேராக நகரும் எறும்பு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். வளைவு அதே பூச்சியம், இணைந்த விதம் வேறு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் வளைவைத்தான் கட்டுப்படுத்துகின்றன, இந்த இணைப்பைத் தீர்மானிப்பதில்லை. வளைவே இல்லாமல், விளிம்பும் இல்லாமல், கனவளவு முடிவுள்ளதாக ஒரு வெளி பத்து வகைகளில் அமையலாம் என்பது கணிதம் நிறுவிய உண்மை. நம் அண்டம் அவற்றில் ஒன்றா என்றறிய நுண்ணலைப் பின்னணியில், வானின் இரு வேறு திசைகளில் ஒரே கோலத்தைக் காட்டும் ஒத்த வட்டங்களைத் தேடினார்கள். இதுவரை அகப்படவில்லை. 2003இல் பிரெஞ்சு வானியற்பியலாளர் லூமினேயும் அவர் குழுவினரும் பன்னிருமுகத் திண்மமொன்றின் எதிரெதிர் முகங்களை இணைத்தது போன்ற பன்னிருமுக வெளியை முன்வைத்தார்கள், ஆனால் அது கோளப் பரப்பைப் போல நேர்வளைவு கொண்டது, இந்தப் பத்தில் சேராது.

ஆகவே டொப்பொலஜி என்ற கணிதத் துறைக்கு "இடவியல்" என்ற பெயர் இருக்கட்டும். அண்டத்தின் பண்பைச் சொல்ல "இணைவமைப்பு" என்பதை முன்மொழிகிறேன். புவியியலில் இடவிளக்கப் படம் படிக்கும் மாணவருக்கு "அண்டத்தின் இடவியல்" என்றால் மலையும் பள்ளமும்தான் தோன்றும். "இணைவமைப்பு" என்பதிலிருந்து "ஓரிணைவு வெளி" (எந்தக் கண்ணியையும் ஒரு புள்ளியாகச் சுருக்கக்கூடிய வெளி), "பல்லிணைவு வெளி" (குழாயைப் போல, சுருக்க முடியாத கண்ணிகள் உள்ள வெளி) என்ற சொற்களும் இயல்பாகக் கிளைக்கின்றன.

உழுந்து வடை போல நடுவில் துளையுள்ள வடிவமான டோரஸுக்கு "வளையம்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அட்சரகணிதத்தில் அச்சொல் ஏற்கெனவே வேறொரு கணித அமைப்புக்கு (ring) வழங்குகிறது. அதை டோரஸ் என்றே விட்டுவிடுவோம்.