கொலுசைக் 'கெலுசு' என்று படித்த பையன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வீடு முழுக்க அந்தச் சொல்தான் புழங்கும். அப்படியிருந்தும் மூன்றாம் வகுப்புப் படித்த என் மகன் ஒருநாள் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து "கெலுசு" என்று படித்தான். சிரித்தேன். அடுத்த வாரமும் அப்படியே படித்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நிறையவே அடித்திருக்கிறேன்.

பார்த்து எழுதினால் முத்து முத்தாக எழுதுவான். அதுதான் எங்களை ஏமாற்றியது. சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் பாதி எழுத்து காணாமல் போகும். "கொழுப்பு, வேறென்ன" என்றார் வகுப்பாசிரியர். கண் டாக்டரிடம் காட்டினோம், பார்வையில் குறையில்லை.

அப்புறம் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர்தான் டிஸ்லெக்சியா என்ற பேச்சையே எடுத்தார். கண்ணிலோ அறிவிலோ கோளாறு இல்லை. ஒலியைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் சிரமம் என்றார். தமிழில் இருக்கும் ஒரு வில்லங்கத்தையும் காட்டினார். 'கொ' என்று சொல்லும்போது முதலில் வருவது க். எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது, கால் கடைசியில் வருகிறது. இவன் கொம்பைப் பார்த்ததுமே 'கெ' என்று முடித்துவிட்டு, காலை விட்டுவிடுகிறான். நாற்பது வயதில் அன்றைக்குத்தான் நான் 'கொ'வை உற்றுப் பார்த்தேன்.

தட்டில் ரவையைப் பரப்பி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைக்கச் சொன்னார். தினமும் கால் மணி நேரம். சில நாள் ரவைதான் மிச்சம்.

வகுப்பில் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள் என்று பள்ளியில் கேட்டதற்கே இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்த்தி என்று சொன்ன பிறகுதான் காது கொடுத்தார்கள். சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கேட்கலாம். சரி, அதுவரை? நாலாவதிலேயே வாய்மொழியாகக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

*ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியர்:*

எங்கள் பக்கம் இதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளைகள் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். படிக்கத் திணறினால், வராததாலா, வேறு காரணமா என்று எப்படித் தெரியும்? ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் பாடத்தைத் தடையில்லாமல் ஒப்பித்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன், கையில் திறந்திருந்தது வேறு பக்கம். அண்ணன் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள்! ஒரு நாளும் லீவு போடாத பிள்ளை. அதனால்தான் சந்தேகம் வந்தது, மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். ஒருவேளை அவளும் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன்.

*செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மறுபடியும்:*

சார், போன மாதம் உங்கள் மலைக்குத்தான் வந்தோம். பஸ்ஸில் முதல் வளைவுப் பலகையைப் பார்த்து "கெண்டை ஊசி வளைவு" என்று படித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. நாலைந்து வளைவு தாண்டியதும் அவனே, "அம்மா, கெண்டைன்னா மீன்ல? இது கொண்டை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். மிச்ச வளைவுகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.