கோயம்பேடு கொரோனா: தப்பு ஜனங்க மேலயா, அரசாங்கத்து மேலயா?

வடபழனிவாசி: 2020ல கோயம்பேடு மார்க்கெட்லேர்ந்து அவ்ளோ கேஸ் பரவினதுக்கு ஜனங்க அடங்கலன்னு தான் இன்னமும் சொல்றாங்க. நிஜமாவே அப்டித்தானா?

தயிர்சாதம்: அட போங்க. ஏப்ரல் 26லேர்ந்து நாலு நாள் முழு லாக்டவுன், மளிகைக்கடை கூட கிடையாதுன்னு 24ம் தேதி அறிவிச்சா, வீட்ல புள்ளகுட்டி வச்சிருக்கவன் மறுநாள் பைய தூக்கிட்டு ஓடத்தான் செய்வான், கூட்டத்த கூட்டினதே அந்த அறிவிப்பு தானே. மார்க்கெட்ட மூடினது மே 5, அதுக்குள்ள மூட்டை தூக்கறவங்க லாரி ஏறி கடலூர், விழுப்புரம், அரியலூர்னு ஊருக்குப் போய்ட்டாங்க. கடைய திருமழிசைக்கு மாத்தினதெல்லாம் அப்புறம் தான்.

நைட்ஷிப்ட்: முழுசா அப்டி சொல்லிட முடியாது பாஸ், போலீஸ பாத்தா மட்டும் தாடைல கெடந்த மாஸ்க்க மூக்குக்கு ஏத்தினவங்களும் நம்மாளுங்க தான். 200 ரூபா ஃபைன் போட ஆரம்பிச்சப்புறமும் அதே கதை தான்.

சும்மாஒருத்தன்: மே 7 டாஸ்மாக் தொறந்தத மறந்துட்டீங்களே. சென்னைய விட்டுட்டு மத்த ஊர்ல தொறந்தாங்க, மறுநாளே ஐகோர்ட் மூடச் சொல்லிச்சு, அரசாங்கம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தடை வாங்கி திரும்ப தொறந்துச்சு. கோயில் பூட்டு, டாஸ்மாக் தொறப்புன்னா எவன் ரூல்ஸ மதிப்பான்?

வடபழனிவாசி: அந்த 24ம் தேதி அறிவிப்ப ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருந்தா?

தயிர்சாதம்: கூட்டம் கொஞ்சம் பிரிஞ்சிருக்கும், அவ்ளோதான்.