லிங்க்ட்இன் பக்கத்தைத் திருத்தி எழுதினேன், வேலை கிடைத்தது: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

கோவை, தரக்கட்டுப்பாடு

போன வருடம் தை மாதம் எங்கள் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த பெரிய ஆர்டர் ஒன்று நின்றுபோனது. மாசி முடிவதற்குள் எங்கள் ஷிப்டில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். வாகன உதிரிபாகம் செய்யும் இடம் அது. அங்கே பதினொரு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். வயது 34, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2016-லேயே கணக்கு திறந்து வைத்திருந்தேன். வேலை போன அன்று ராத்திரி அதைத் தூசி தட்டி, பெயருக்குக் கீழே வரும் வரியில் ‘புதிய வாய்ப்புகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் போட்டேன். அனுபவம் என்ற இடத்தில் ‘தரப் பரிசோதனைப் பணிகளுக்குப் பொறுப்பு’ என்று ஒரே வரி. அப்புறம் கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். இரண்டரை மாதத்தில் எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு போன்கூட வரவில்லை.

சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குச் சித்தி மகள் வந்திருந்தாள். சென்னையில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. சித்தி வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து, அவள் பக்கம் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று காட்டினாள். தேடும் இடத்தில் ‘குவாலிட்டி இன்ஜினியர்’ என்று தட்டினாள். அதோடு ‘பிபிஏபி’ சேர்த்தாள். அப்புறம் ‘சிஎம்எம்’ (பாகங்களைத் துல்லியமாக அளக்கும் மிஷின்), ‘ஐஏடிஎஃப் 16949’ (வாகனத் துறையின் தர விதிமுறை). இடம், கோயம்புத்தூர். வரிசையாகப் பெயர்கள் வந்தன. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர்கூட அதில் இருந்தார்கள். கடைசிவரை தள்ளிப் பார்த்தோம், என் பெயர் இல்லை.

“அண்ணா, பதினொரு வருஷமா நீ செய்யறது இந்த வேலைதானே? இந்த வார்த்தைல ஒண்ணுகூட உன் பக்கத்துல இல்லையே” என்றாள்.

புதிதாக ஒரு பாகம் செய்தால், வண்டிக் கம்பெனிக்கு மொத்தமாக அனுப்பும் முன் அளவு அறிக்கை, மூலப்பொருள் சோதனை, செய்முறை வரைபடம் எல்லாம் சேர்த்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் பிபிஏபி. அப்படி நாற்பதுக்கு மேல் நான் போட்டிருப்பேன். தினம் செய்கிற வேலை, இதில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை முழுக்க அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். ‘பொறுப்பு’ என்று எழுதாதே, என்ன செய்தாய், அதனால் என்ன மாறியது, அதைச் சொல் என்றாள். அப்போதுதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஒரு ஹவுசிங்கில் (உள்பாகங்களை மூடும் கூடு) நடுத்துளையின் விட்டம் அடிக்கடி அளவு தப்பிக்கொண்டிருந்தது. அதுவும் காலை ஷிப்டின் முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதிகம். இரண்டு வாரம் ஐந்து பீஸுக்கு ஒரு பீஸ் எடுத்து அளந்து நேரத்தோடு குறித்துவந்தேன். ராத்திரி முழுக்க நின்றிருந்த மிஷின் சூடேறுவதற்குள் வெட்ட ஆரம்பிப்பதுதான் காரணம் என்று தெரிந்தது. இருபது நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அப்புறம் வெட்டச் சொன்னோம். ஆயிரத்துக்குப் பதினெட்டாக இருந்த ரிஜெக்ஷன் நாலாகக் குறைந்தது.

இதை நாலு வரியில் எழுதினோம். வாடிக்கையாளர் பெயர், பாகத்தின் எண், டிராயிங் எதையும் போடவில்லை. அது பழைய கம்பெனியின் ரகசியம், போடவும் கூடாது. தலைப்பு வரியையும் மாற்றினோம்: குவாலிட்டி இன்ஜினியர், வாகன உதிரிபாகம், பிபிஏபி, சிஎம்எம், எஸ்பிசி. கடைசியில் இருப்பது, அளவுகளைப் புள்ளிவிவரமாக வைத்துத் தரத்தைக் கண்காணிக்கும் முறை.

ஆறு வாரத்தில் ஓசூரிலிருந்து ஒரு எச்ஆர் மெசேஜ் அனுப்பினார். நேர்முகத்தில் பிளான்ட் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் காலை ஷிப்ட் சமாச்சாரத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” நாற்பது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். இப்போது அங்கேதான் இருக்கிறேன். பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பம் கோவையில், நான் வாராவாரம் போய்வருகிறேன்.

உங்களுக்கு எது உதவியது, எது கெடுத்தது? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இப்போது தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உதவும்.

சென்னை, ஆள் சேர்ப்பு

அண்ணா, உங்கள் தங்கை சொன்னது அத்தனையும் உண்மை. நானும் ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். ஒரு இடத்துக்கு ஆள் தேடினால் நூறு இருநூறு பெயர் வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து படிக்க நேரம் இருக்காது. பெயர், படம், தலைப்பு வரி, ஊர் இந்த நான்கை வைத்துத்தான் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். தலைப்பு வரியில் 220 எழுத்துவரை போடலாம். ஆனால் போனில் பார்க்கும்போது முதல் சில சொற்கள்தான் தெரியும், அதனால் முக்கியமானதை முன்னால் வையுங்கள். ‘என்னைப் பற்றி’ பகுதியில் 2,600 எழுத்து எழுதலாம். அதிலும் முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும், மீதியைப் பார்க்கத் தனியே தட்ட வேண்டும்.

ஊரை மாற்ற மறந்துவிடுகிறார்கள். பெங்களூரில் வேலை வேண்டும் என்று அங்கேயே வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பையனின் பக்கத்தில் இடம் விருதுநகர் என்றே இருந்தது. பெங்களூர் என்று போட்டுத் தேடிய எனக்கு அவர் வரவே இல்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்கள் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று எல்லோருக்கும் காட்டும் அந்தப் பச்சை வளையத்தைப் போடாதீர்கள். ஒரகடத்தில் ஒருவர் ராத்திரி போட்டார், காலையில் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். நல்ல உழைப்பாளி, அந்த வருடச் சம்பள உயர்வு போய்விட்டது. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்க ஒரு வழி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் உங்கள் கம்பெனி எச்ஆர் கண்ணில் படாமல் மறைக்க முயல்வோம் என்றுதான் லிங்க்ட்இன் சொல்கிறது, உறுதி தருவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

திருச்சி, சாப்ட்வேர் டெஸ்டிங்

என் கதையில் கெடுத்ததும் இருக்கிறது, உதவியதும் இருக்கிறது.

2017-ல் வேலையை விட்டேன். குழந்தை பிறந்தது, அடுத்த வருடமே மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். ஆறு வருடம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. 2023-ல் மறுபடி தேட ஆரம்பித்தபோது, சொல்லித்தரும் இடத்தில் ஒருவர், “இடைவெளி தெரிஞ்சா யாரும் கூப்பிட மாட்டாங்க மேடம். பழைய கம்பெனியில 2021 வரைக்கும் இருந்ததா போட்டுடுங்க” என்றார். பயத்தில் அப்படியே செய்தேன்.

நேர்முகம் மூன்று சுற்றும் நன்றாகப் போனது. வேலைக்கான கடிதமும் வந்தது. அப்புறம் பின்னணி சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கின் யூஏஎன் எண்ணைக் கேட்டார்கள். எந்தக் கம்பெனியில் என்று சேர்ந்தோம், என்று விலகினோம் என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. மூன்றாம் நாள் கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஆறு வருடம் நான் பார்த்தது கௌரவமான வேலை. அதை மறைக்கப் போய்ப் பொய்க்காரி ஆகிவிட்டேனே என்பதுதான் பொறுக்க முடியவில்லை.

அதற்கப்புறம் எல்லாத் தேதியையும் சரியாக மாற்றினேன். வேலையில் இல்லாத காலத்தை ‘கேரியர் பிரேக்’ என்றே தனியாகக் குறிக்க 2022-லிருந்து லிங்க்ட்இனில் வசதி இருக்கிறது. குடும்பத்தில் நோயாளியைக் கவனித்தது, குழந்தை வளர்ப்பு என்று காரணமும் சொல்லலாம். அதைப் போட்டு, கடைசி ஒரு வருடத்தில் செலினியம், போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவிகளைக் கற்றுக்கொண்டதையும் எழுதினேன்.

கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் போதுமா, ஏதாவது காட்ட வேண்டாமா? அந்தச் சமயத்தில்தான் பெண்ணின் பள்ளிக் கட்டணம் கட்டும் செயலியில் ஒரு பிழை கண்ணில் பட்டது. நெட் மெதுவாக இருக்கும்போது ‘கட்டு’ பொத்தானை இரண்டு தரம் தட்டினால் பணம் இரண்டு தரம் போய்விடும். எந்தப் போன், எந்த நெட், எத்தனை நொடி இடைவெளியில் தட்டினால் நடக்கிறது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடக்கிறது என்று ஆபீசில் எழுதுவதுபோலவே ஒரு பிழை அறிக்கை எழுதிப் பள்ளிக்குக் கொடுத்தேன். அவர்கள் சரிசெய்தும் விட்டார்கள். பள்ளியின் அனுமதியோடு, பெயர் தெரியாமல் மறைத்து, அந்த அறிக்கையை என் பக்கத்தில் மேலே தெரியும்படி வைத்தேன்.

பரிந்துரை கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய டீம் லீடிடம் “சார், எனக்கு ஒரு ரெகமண்டேஷன் எழுதிக் கொடுங்க” என்று முதலில் கேட்டிருந்தேன். பார்க்கிறேன் என்றார், வரவே இல்லை. அவருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் தரம், “2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது ரிலீஸ் தள்ளிப்போகாமல் வீட்டிலிருந்தே சோதனை முடித்தோமே, அதைப் பற்றி இரண்டு வரி எழுத முடியுமா?” என்று கேட்டேன். அன்று ராத்திரியே எழுதிவிட்டார். கரண்ட் இல்லாத வீட்டிலிருந்து பக்கத்துத் தெரு ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு நான் வேலை பார்த்ததை எனக்கே அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

நாலு மாதம் ஆனது. சம்பளம் 2017-ல் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை, சேர்ந்துவிட்டேன். இந்தத் தரம் பின்னணி சரிபார்ப்பு என்று மெயில் வந்தபோது நிம்மதியாகத் தூங்கினேன்.

திருநெல்வேலி, பி.காம் முடித்தவன்

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு அனுபவம் எதுவும் கிடையாது, எழுத என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். நிறையப் பேரைச் சேர்த்தால் வேலை வரும் என்று எவனோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, ஒரே வாரத்தில் முன்பின் தெரியாத முந்நூறு பேருக்குக் கனெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். கொஞ்ச நாள் யாருக்கும் அனுப்ப முடியாதபடி கணக்கை முடக்கிவிட்டார்கள்.

எங்கள் காமர்ஸ் துறை சார் ஒருவர்தான் வழி காட்டினார். நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மூலம்தான் வேலைச் செய்தி அதிகம் வரும் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதியதாகச் சொன்னார். 2022-ல் லிங்க்ட்இனிலேயே 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த ஓர் ஆய்விலும் கிட்டத்தட்ட அதேதான் தெரிந்ததாம். யோசித்தால் சரிதான். என் நண்பர்களுக்கும் எனக்குத் தெரிந்ததுதான் தெரியும், அவர்களும் வேலைதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

லிங்க்ட்இனில் நம் கல்லூரிப் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த ஊரில் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். அதில் கணக்கு வேலையில் இருக்கும் பன்னிரண்டு பேரைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒன்று இப்படி இருந்தது: “வணக்கம் அண்ணா. நானும் நம் கல்லூரி பி.காம், இந்த வருடம் முடித்தேன். டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் ஒரு ஆடிட்டர் ஆபீசில் மூன்று மாதம் பழகியிருக்கிறேன். உங்கள் வேலைக்கு நீங்கள் முதலில் எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்ல முடியுமா?” வேலை கொடுங்கள் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

ஐந்து பேர் பதில் போட்டார்கள். ஒரு அண்ணன் எக்செல்லில் விலுக்கப், பிவட் இரண்டையும் நன்றாகப் பழகு என்றார். பழகிவிட்டு அவரிடமே சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவர்கள் ஆபீசில் ஆள் எடுக்கும்போது அவரே கூப்பிட்டார். போன திங்கட்கிழமை சேர்ந்தேன்.

தஞ்சாவூர், விவசாயம்

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தம்பிக்காக எழுதுகிறேன், தேடுகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தம்பி டிப்ளமோ முடித்து ஒரு வருடம் சும்மா இருந்தான். லிங்க்ட்இன் பக்கத்தில் எல்லாம் போட்டு வைத்திருந்தான், போன் நம்பர்கூட. ஒரு நாள் ஒரு பெண் பெயரில் மெசேஜ். தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்’ வேலை, மாதம் ஒரு லட்சம், சாப்பாடு, தங்குமிடம், டிக்கெட் எல்லாம் அவர்களே. நேர்முகம் வாட்ஸ்அப்பில் பத்து நிமிடம். பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும், டூரிஸ்ட் விசாவில். கைச்செலவுக்கு என்று அம்மா தன் நகையை எடுத்து வைத்துவிட்டார்கள்.

டூரிஸ்ட் விசாவில் எப்படி வேலை என்றுதான் எனக்கு இடித்தது. பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பெண்ணின் லிங்க்ட்இன் பக்கத்தில் ‘இந்தப் பக்கத்தைப் பற்றி’ என்ற இடத்தைத் திறந்து காட்டினான். கணக்குத் தொடங்கியே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பத்து வருட அனுபவம் என்று போட்டிருந்தவருக்கு இருந்த தொடர்பு இருபதோ என்னவோ. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகள் பட்டியலில் அவர்கள் சொன்ன பெயரே இல்லை. இதே தாய்லாந்து, இதே பதவிப் பெயர் என்று ஆள் பிடித்து மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்து மோசடி வேலை வாங்குகிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

தம்பி போகவில்லை. சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்து சொன்னோம். முன்பின் தெரியாதவர் வெளிநாட்டு வேலை என்று வந்தால் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். போன் நம்பரை எல்லோரும் பார்க்கும்படி வைக்காதீர்கள்.

அவன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். இப்போது யார் மெசேஜ் போட்டாலும் பயப்படுகிறான்.

கோவை, தரக்கட்டுப்பாடு

அண்ணே, தம்பி எந்தப் பிரிவு டிப்ளமோ? மெக்கானிக்கல் என்றால் அவர் பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காலேஜில் செய்த புராஜெக்ட், லேத்தில் நின்ற நேரம், வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியுமா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோவையில் வீட்டில் இருப்பேன், போனில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து எழுதலாம். ஓசூரில் எங்கள் பக்கத்து யூனிட்டில் இப்போது டிப்ளமோ பையன்களை எடுக்கிறார்கள், அங்கே யாரிடம் பேச வேண்டும் என்றும் கேட்டு வைக்கிறேன்.